தாமதாசுரனுக்கு மதியச் சாப்பாடு

அடைக்கலமேரிக்கு வலது தோள்பட்டையில் பிடித்த வலி முழங்கை வழியாக இறங்கி, கட்டைவிரலில் வந்து குடியிருந்தது. கல் உடைக்கிற கிரஷரில் ஜல்லிச் சட்டி தூக்கித் தூக்கி வந்த வலி. காலையில் சீப்பைப் பிடித்துத் தலை வாரக்கூட அந்தக் கை மேலே ஏறவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அவள் ஓர் அசுரனைக் கொல்ல வேண்டியிருந்தது. கொன்றால்தான் மனு வாங்குவோம் என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

செங்கப்பாறை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கையில் வாங்குகிற பழக்கம் போன வருடத்தோடு ஒழிந்துபோனது. அதற்குப் பதிலாக ஒரு வீடியோ கேம் வந்தது. பெயர் 'மனுவீரன்'. மனுதாரர் டிவிக்கு முன்னால் நின்று, ஏழு லெவல் ஆடி, கடைசி லெவலில் தாமதாசுரன் என்கிற அசுரனைத் தோற்கடித்தால் மனு தானாகப் பதிவாகும். திறப்பு விழாவில் தாசில்தார் அன்புமொழி மைக்கைப் பிடித்தார்.

"முன்பெல்லாம் மனு கொடுத்துவிட்டு மக்கள் காத்திருந்தார்கள். இனிமேல் மனு கொடுப்பதற்கே காத்திருக்கலாம். காத்திருப்பை நாம் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். சோதனை ஓட்டத்திலேயே மனுக்கள் பெருமளவு குறைந்துவிட்டன. மனு இல்லையென்றால் மக்களுக்குக் குறை இல்லை என்றுதானே பொருள்? அசுரனுக்கு ஒரு முகம் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். அலுவலகத்தில் மாட்டியிருந்ததிலேயே பெரிய படம் என்னுடையது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் முகம் மக்களுக்குப் பயன்படுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களை வாட்ச்மேன் பார்த்தார். அவர்களும் தட்டினார்கள்.

அடைக்கலமேரியின் மனுவில் இருந்தது ஒரே ஒரு விஷயம். சவேரியார்பட்டியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையைக் கிரஷர் முதலாளி கம்பிவேலி போட்டு உள்ளே சேர்த்துக்கொண்டார். அவளுக்குக் கூலி கொடுக்கிறவரும் அதே முதலாளிதான். வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறை கண்ணுக்குத் தெரியும். ஆனால் செத்தவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும்.

அவள் மாமனார் ராக்கன் இந்தப் பாதைக்காக மனு வாங்குகிற நாளெல்லாம் தாலுகா ஆபீஸுக்குப் போனார். வாசற்படிக்குப் பக்கத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். ஆபீஸர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள், தாண்டி வருவார்கள். போன மழைக்காலத்தில் செத்துப்போனார். வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். பெட்டி கையை விட்டு நழுவி மிதந்து, மதகில் போய் முட்டி நின்றது. சாமியார் கரையில் நின்றே ஜெபத்தை முடித்தார்.

இப்போது அவள் புருஷன் அருள்தாஸ் நெஞ்சில் கல்தூசி அடைத்துப் படுத்துக் கிடந்தான். டாக்டர் கைவிட்டுவிட்டார். மழை வரப்போகிறது. ஒரு நாள் இருமலுக்கு நடுவில் அவனே கேட்டான்:

"ஏண்டி, என்னையும் அப்பனை மாதிரி மெதக்கத்தான் விடப்போறியா?"

"ஒனக்கு நீச்சல் தெரியும்ல, போயிருவ" என்றாள் அடைக்கலமேரி. சிரித்தார்கள். மறுநாள் கிரஷருக்கு லீவு சொல்லிவிட்டு அவள் தாலுகா ஆபீஸுக்கு பஸ் ஏறினாள்.

*

விளையாட்டு அறையில் மெத்தை வைத்த பெரிய நாற்காலி ஒன்று பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது. அது ஆய்வுக்கு வருகிற மேலதிகாரிகளுக்கு. மனுதாரர் நின்றுதான் ஆட வேண்டும். பட்டன் வைத்த கட்டையை மேஜையோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒப்பந்த ஆபரேட்டர் வனிதா, பொன்னமராவதிப் பக்கத்துப் பெண், வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"எக்கா, இது நடக்குற பட்டன். இது மனு எறியிற பட்டன். இது கும்புடுற பட்டன். ஆபீஸர் யாரு வந்தாலும் மொதல்ல இதை அமுக்கிரணும். இல்லன்னா உயிர் கொறையும்."

"அடிக்கிற பட்டன் எங்கம்மா?"

"அது இல்லக்கா. டெண்டர்லயே கேக்கலயாம்."

திரையில் மனுவீரன் வந்தான். முறுக்கு மீசை, புஜத்தில் தாயத்து. அடைக்கலமேரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொம்பளைக்கும் இவன்தானா?" என்று கேட்டாள். "எல்லாருக்கும் இவன்தான்க்கா. செலவு கொறைச்சல்" என்றாள் வனிதா.

முதல் லெவலில் கரண்ட் இல்லாத ஜெராக்ஸ் கடையைத் தாண்ட வேண்டும். இன்னொன்றில் மொபெட்டில் ஓடுகிற வி.ஏ.ஓ.வைத் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அவர், "நாளைக்கு வாங்க" என்பார். அதுதான் அந்த லெவலில் வெற்றி. இதிலெல்லாம் அவளுக்குச் சிரமமே இல்லை. நிஜத்தில் பலமுறை ஆடிய ஆட்டம்தானே. எதிர்ச் சாரியில் இருந்த நிஜ ஜெராக்ஸ் கடைக்காரர் இப்போது 'மனுவீரன் கோச்சிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்தார். அங்கே படித்தவர்களும் ஆறாவது லெவல் வரைக்கும்தான் வந்தார்கள். ஏழாவதில் எல்லாரும் செத்தார்கள்.

ஏழாவது லெவல் இதே தாலுகா ஆபீஸ்தான். கம்பெனிக்காரர்கள் கேமராவைச் சுற்றிச் சுற்றி ஓட்டி ஆபீஸை அச்சு அசலாக உள்ளே ஏற்றியிருந்தார்கள். எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேமராவுக்குச் சொல்ல ஆள் இல்லை. அது கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே அந்த லெவலில் அசுரனைத் தவிரவும் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. தகவல் அறியும் உரிமைப் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. புகார்ப் பெட்டியின் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பீரோவை மூன்று தட்டுத் தட்டினால் பழைய மனுக்கள் பொலபொலவென்று கொட்டி வீரனை மூடிவிடும். துணைத் தாசில்தாரின் மேஜைக்கு அடியில் தலையணை ஒன்று, நடுவில் குழிந்து, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி கிடந்தது.

மனுவே இல்லாதவர்களும் இதைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். சித்தன்னவாசல் பார்க்க வந்த ஒரு வேன் கூட்டம் அப்படியே இங்கிட்டும் வந்துவிட்டுப் போனது. உடனே அன்புமொழி சுற்றறிக்கை விட்டார். அறைக்கு வெளியே ஒட்டியிருந்தது: 'மனுதாரர்கள் அசுரனை மட்டுமே பார்க்க வேண்டும். சுவர், மூலை, மேஜையின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தல் அரசுப் பணிக்கு இடையூறாகக் கருதப்படும்.'

அடைக்கலமேரிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அசுரன் என்கிற இடத்துக்கு வருவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

*

தாமதாசுரன் தாசில்தார் முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீரன் மனுவை எறிந்தான். அசுரன் வாயைத் திறந்து அதைத் தின்றான். இன்னொன்று எறிந்தான். அதையும் தின்று, ஒரு சுற்று பெருத்தான்.

"இதென்னம்மா, எறிய எறிய கொழுக்குறான்?"

"ஆமாக்கா. மணி ஒண்ணு அடிச்சதும் சாப்புடப் போயிருவான். 'அலுவலர் உணவு இடைவேளையில் உள்ளார்'னு வரும். ஆட்டம் முடிஞ்சுது. இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்ல."

"அப்ப எதுக்கும்மா ஆடுறது?"

"ஆடலன்னா மனு கொடுக்க வரலன்னு எழுதிருவாங்கக்கா."

அப்போதுதான் அடைக்கலமேரி சுவரைப் பார்த்தாள். வாசற்படி ஓரத்தில், கதவு நிலைக்கு ஒட்டி, ஓர் உருவம் இருந்தது. தலையில் துண்டு. தூக்கி வைத்த ஒரு முழங்கால்.

"யாத்தே! இது எங்க மாமால்ல?"

வனிதா குனிந்து பார்த்தாள். "அது பில்டிங்குக்கா. தூணு மாதிரி ஏதோ ஒண்ணு."

"தூணு முழங்காலைத் தூக்கிக்கிட்டு இருக்குமா? எங்க மாமா ராக்கன்தான். செத்து வருஷமாகப்போகுது. இங்கன உக்காந்திருக்காரே!"

அடைக்கலமேரி வீரனை நடத்திக்கொண்டு போய் மாமனாருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பேசுகிற பட்டன் எதுவும் இல்லை. சரி, கும்பிடவாவது செய்யலாம் என்று அந்தப் பட்டனை அமுக்கினாள். வீரன் குனிந்து கும்பிட்டான். பட்டனை விட வேண்டும். விரல் வரவில்லை. வலி பிடித்து, கட்டைவிரல் மரக்கட்டையாகி, அமுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. வீரன் இன்னும் குனிந்தான். இன்னும் குனிந்தான். அந்த அளவுக்கு இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. கடைசியில் முதுகு தாங்காமல் வாசலின் குறுக்கே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

ராக்கன் ஒரு பக்கம், வீரன் ஒரு பக்கம். வாசல் அடைந்துவிட்டது.

அடைக்கலமேரிக்கு அது தெரிந்த காட்சிதான். கிரஷரில் மேஸ்திரி கூலிக் கணக்கில் ஏமாற்றினாலோ, தண்ணி குடிக்க விடாமல் விரட்டினாலோ பெண்கள் சண்டை போட மாட்டார்கள். சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, லாரி போகிற தடத்தில் அதன் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். லாரி நிற்கும். சட்டி கவுத்துறது என்று அதற்குப் பெயர்.

திரையில் மணி ஒன்று அடித்தது. தாமதாசுரன் எழுந்தான். டிபன் கேரியரை எடுத்தான். வாசலுக்கு வந்தான். ராக்கன் மேல் முட்டினான். திரும்பப் போய்த் திரும்ப வந்தான். முட்டினான். ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு சுற்று இளைத்தான். தின்ற மனுக்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கக்கினான். கடைசியில் கோழிக்குஞ்சு அளவுக்கு வந்து, 'கிய்' என்று ஒரு சத்தம் போட்டு மறைந்தான்.

திரை முழுக்க 'வாழ்த்துகள்' என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கறுப்பாகிவிட்டது.

"என்னம்மா ஆச்சு? மனு பதிஞ்சிருச்சா?"

வனிதா பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாள். "ஜெயிச்சா என்ன காட்டணும்னு செய்யவே இல்லக்கா. அதுக்கு பட்ஜெட் இல்லன்னுட்டாங்க."

*

அன்று மாலையே விசாரணைக் கூட்டம் நடந்தது. அடைக்கலமேரியை நிற்க வைத்தார்கள்.

"நீங்கள் வென்றது செல்லாது" என்றார் அன்புமொழி. "விதிப்படி மனுதாரர் போராடித் தோற்க வேண்டும். மன்னிக்கவும், போராடி வெல்ல வேண்டும். ஆட்டத்தில் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்."

"கை வலிச்சுது சார்."

"வலி எல்லாருக்கும்தான் இருக்கிறது. எனக்குக்கூட ஏசியில் கழுத்து பிடிக்கிறது. நான் உட்கார்ந்துவிட்டேனா?" என்று தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

கம்பெனி என்ஜினியர் சென்னையிலிருந்து செல்போனில் பேசினார். "சார், நாங்க கேமரா ஓட்டின மூணு நாளும் அந்தப் பெரியவர் அந்த இடத்தை விட்டு அசையவே இல்ல. அதனால கம்ப்யூட்டர் அவரைக் கட்டடத்தோட ஒரு பகுதின்னு எடுத்துக்கிச்சு. சுவர் மாதிரிதான் சார் அவரு. யாரும் ஊடே போக முடியாது."

"எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவரை நாங்கள் பார்த்ததே இல்லையே" என்றார் அன்புமொழி. அவர் பொய் சொல்லவில்லை.

"ஒங்க காலு பட்டுருக்கும் சார். தாண்டித்தான போனீங்க" என்றாள் அடைக்கலமேரி.

அந்த ஆளை உடனே அகற்றும்படி உத்தரவு போயிற்று. கம்பெனி அகற்றியது. மறுநாள் வனிதா ஏழாவது லெவலைத் திறந்ததும், கதவு நிலை சரிந்து, உத்தரம் இறங்கி, மொத்த தாலுகா ஆபீஸும் தாமதாசுரன் தலையில் உட்கார்ந்தது. "அந்த மூலைய அவரு மேலதான் சார் நிறுத்தியிருக்கோம். வேற பிடிமானம் இல்ல" என்றார் என்ஜினியர். இடிந்த கட்டடத்தில் தன் முகம் சிக்கியிருப்பது நல்ல சகுனமில்லை என்று அன்புமொழிக்குப் பட்டது. ராக்கனைத் திரும்ப உட்கார வைக்கச் சொன்னார்.

தொழில்நுட்பத்தால் முடியாததைச் சட்டத்தால் முடிக்க வேண்டியதுதான். அரசுக் கட்டடத்தின் கணினி வடிவத்தை அனுமதியின்றி ஆக்கிரமித்திருப்பதாக ராக்கன் மேல் நோட்டீஸ் தயாரானது. அவரே மனமுவந்து காலி செய்ய வேண்டுமாம். அதை நேரில் கொடுக்க வி.ஏ.ஓ. ஞானமணி மொபெட்டில் சவேரியார்பட்டிக்கு வந்தார். பாதை பற்றி மேலதிகாரிகள் கேட்டபோதெல்லாம் 'பாதை நல்ல நிலையில் உள்ளது, பொதுமக்கள் பயன்படுத்தி வருகின்றனர்' என்று எழுதி அனுப்பியவர் அவர்தான்.

"ராக்கன் இருக்காரா?"

"இருக்காரு சார். கல்லறையில" என்றாள் அடைக்கலமேரி.

ஞானமணி யோசித்தார். "இறந்தவரா இருந்தா கடைசியா வசிக்கிற எடத்துல ஒட்டணும்னு ரூல் இருக்கு. காட்டுங்க, ஒட்டிட்டுப் போறேன்."

"வாங்க, போவோம். நல்ல நெலையில பாதை இருக்குதாம்ல."

வேலிக்கு முன்னால் மொபெட் நின்றது. கிரஷர் நாய் குரைத்தது. ஞானமணி வேலியைப் பார்த்தார், அங்கிட்டு இருந்த கல்லறைச் சிலுவைகளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். நடு வாய்க்காலில் சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. இன்னொன்றைக் காப்பாற்றக் குனிந்ததில் நோட்டீஸ் நனைந்தது. ஊர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள்.

"சார், நீச்சல் தெரியுமா?" என்று கத்தினாள் சொர்ணம். அடைக்கலமேரியோடு சட்டி தூக்குகிறவள். "தெரியலன்னா பெட்டியில படுத்துக்கங்க, நாங்க தள்ளிவிடுறோம். எங்களுக்குப் பழக்கம்தான்!"

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஞானமணி கூப்பாடு போட்டார்: "என்னம்மா இது, பாதையே இல்லையே!"

கரையில் சிரிப்பு நின்றுபோனது.

"அதைத்தான் சார் எங்க மாமா ஒங்க வாசல்ல உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள் அடைக்கலமேரி. சிரிக்காமல்தான் சொன்னாள். "செத்த பெறகாவது அவரைத் தேடிக்கிட்டு கவர்மெண்டு வந்துச்சே. போங்க சார், போயி ஒட்டுங்க. எந்திரிக்கச் சொல்லிப் பாருங்க."

ஞானமணி ஒட்டாமலே திரும்பினார். 'மனுதாரர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அருள்தாஸுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. மேற்கே மின்னல் வெட்டியது. அடைக்கலமேரி அவன் வாயைத் துடைத்துவிட்டு, வெளியே வந்து, சொர்ணம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நாளைக்கு கிரஷருக்கு போகல. சட்டியை எடுத்துக்க."

"எங்க போறோம்?"

"சட்டி கவுத்துவோம்."

"மொதலாளி வேலைய விட்டுத் தூக்கிருவானே."

"தூக்கட்டும். செத்தாத் தூக்கிட்டுப் போகத்தான் வழியில்ல, வேலைய விட்டுத் தூக்கவாச்சும் ஆள் இருக்குல்ல."

*

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சவேரியார்பட்டிப் பெண்கள் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். கோஷம் போடவில்லை. கொடி இல்லை. ஜல்லிச் சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். படியிலிருந்து கேட் வரைக்கும் உட்கார்ந்தார்கள். கதவு நிலைக்குப் பக்கத்தில், ராக்கன் உட்கார்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, அதை ஒட்டி அடைக்கலமேரி உட்கார்ந்தாள்.

மணி ஒன்று அடித்தது. அன்புமொழி டிபன் கேரியரோடு வந்தார்.

"நகருங்கம்மா. சாப்பிடப் போக வேண்டும். அலுவலகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று நானே சுற்றறிக்கை விட்டிருக்கிறேன்."

யாரும் நகரவில்லை.

"இதெல்லாம் முறையல்ல. கோரிக்கை இருந்தால் விளையாட்டு இருக்கிறது."

"ஆடிட்டேன் சார். ஜெயிச்சும்புட்டேன்."

"அங்கே உட்காரலாம் என்றால் இங்கேயும் உட்காரலாம் என்று அர்த்தமா? அது விளையாட்டு. இது அரசாங்கம்."

"எங்களுக்கு வித்தியாசம் தெரியல சார். ரெண்டுலயும் ஒங்க மொகந்தான் இருக்கு."

உள்ளே யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். வனிதா டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஏன் திருப்பினாய் என்று பிற்பாடு கேட்டபோது, வெளிச்சம் கண்ணில் கூசியது என்று சொன்னாள். திரையில் தலையில் துண்டோடு ராக்கன் உட்கார்ந்திருந்தார்.

தாசில்தார் காலி இடத்தைப் பார்த்தார். ஓர் ஆள் தாராளமாகப் போகலாம். காலைத் தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப உள்ளேயே வைத்தார்.

"உங்களுக்குத் தலைவர் யார்? அவரோடுதான் பேசுவேன்."

அடைக்கலமேரி திரையைத் தாடையால் காட்டினாள். "அவருதான். பேசுங்க. ஆனா லேசுல அசைய மாட்டாரு."

நேரம் போனது. டிபன் கேரியரில் சாம்பார் ஆறி வாசம் அடித்தது. பின்வாசல் வழியாகப் போகலாம் என்றார் துணைத் தாசில்தார். பின்வாசலைப் பழைய மனுக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. போலீஸுக்குப் போன் போட்டார்கள். அவர்களும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அன்புமொழியின் குரல் இறங்கியது. மைக் இல்லாமல் அவர் பேசியதை ஊர்க்காரர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"சரி. என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

அடைக்கலமேரி வலிக்கிற தோளைக் கதவு நிலையில் சாய்த்துக்கொண்டாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"புதுசா ஒண்ணும் வேணாம் சார். எங்க மாமாவுக்குக் குடுக்காம விட்டத எங்க வீட்டுக்காரருக்காச்சும் குடுங்க. நீங்க எங்களுக்கு ஒரு பாதை பாக்கி."